ஒற்றைச் செவியின் இசை

1964 டிசம்பரில் விமானத்தில் மனம் நொறுங்கிய பிரையன் வில்சன், 22 வயதிலேயே மேடைப் பயணங்களைத் துறந்தார். 'பீச் பாய்ஸ்' தோழர்கள் ஊர்தோறும் பாடித் திரிய, அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களிலிருந்து 'பெட் சவுண்ட்ஸ்' தொகுப்பை உருவாக்கினார். மிதிவண்டி மணியும், தம் நாய்களின் குரைப்பும்கூட அதில் இசையாயின. வலச்செவி கேளாத ஒருவர் இத்தனையையும் இசைவாகக் கலந்ததை எண்ணி வியக்கிறோம்.

தம்பி கார்லுடன் செபித்துவிட்டு ஒலிப்பதிவைத் தொடங்கிய நாள்களும் உண்டு. ஆயினும் பாடலொன்றின் தலைப்பில் 'கடவுள்' என்னும் சொல்லை வைக்க அவர் தயங்கினார். வானொலிகள் மறுத்துவிடுமோ என்ற கலக்கம்! இவ்விந்தையை என்னென்பது? அப்பாடலைக் கார்லே பாடினார்.

1966 மே 16-இல் வெளிவந்த தொகுப்பு அமெரிக்காவில் 10-ஆம் இடத்தோடு நின்றது. இங்கிலாந்திலோ பால் மெக்கார்ட்னியை அது ஆட்கொண்டது. பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' (1967) அத்தூண்டுதலில் பிறந்ததே. மேடையைத் துறந்த வில்சன், 2000-ஆம் ஆண்டில் அதே தொகுப்பை முழுமையாக மேடையேற்றினார். 2025 ஜூனில் மறைந்தார்.