மயிலாடியும் கடவுளை நேரடியாக அணுகும் உரிமையும்

கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் உள்ள மயிலாடி கற்சிற்பத்திற்குப் பெயர்பெற்ற ஊர். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் வேரூன்றிய முதல் ஊரும் இதுவே. கிறிஸ்துவின் வழியாக எந்த மனிதரும் கடவுளை நேரடியாக அணுகலாம் என்னும் போதனை, இப்பகுதியின் சமூக வரலாற்றில் தனி இடம் பெற்றது.

போதனையின் அடிப்படை

பழைய எருசலேம் ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலத்தை ஒரு திரைச்சீலை மறைத்திருந்தது. பிரதான ஆசாரியர் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை அதற்குள் செல்வார். இயேசு சிலுவையில் உயிர்விட்டபோது அத்திரை மேலிருந்து கீழாகக் கிழிந்தது என மத்தேயு நற்செய்தி கூறுகிறது. கிறிஸ்துவே நிலையான பிரதான ஆசாரியர் என்றும், அவர் மூலம் விசுவாசிகள் தயக்கமின்றிக் கடவுளிடம் சேரலாம் என்றும் எபிரெயர் நிருபம் விளக்குகிறது. 16-ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் விசுவாசிகள் அனைவரும் ஆசாரியர்களே என்று வலியுறுத்தியதும் இதைச் சார்ந்தே.

அன்றைய நாஞ்சில் நாடு

அக்காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருங்கோவில்களுக்குள் நுழைய முடியாது. கோவிலைச் சுற்றிய தெருக்களும் அவர்களுக்கு மூடப்பட்டிருந்தன. ஆனால் அரசுக்கும் கோவிலுக்கும் உரிய கூலியில்லா வேலையாகிய ஊழியம் மட்டும் அவர்கள் தலையில் விழுந்தது. இத்தகைய சூழலில், "இடையில் மனிதர் எவரும் வேண்டாம், நீயே கடவுளிடம் பேசலாம்" என்ற செய்தி இறையியல் கருத்தாக மட்டும் கேட்கப்படவில்லை.

மகாராசன் என்ற வேதமாணிக்கம்

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் சாம்பவர் குலத்தவர், பக்தி மிக்கவர். சிதம்பரத்திற்கு யாத்திரை சென்று திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கோலாப் என்ற மிஷனரியின் போதனையைக் கேட்டார். அங்கே திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் என்ற பெயருடன் ஊர் திரும்பினார். மிஷனரி எவரும் மயிலாடிக்கு வருமுன்பே உறவினரிடமும் அயலாரிடமும் தாம் அறிந்ததைச் சொல்லத் தொடங்கினார். எதிர்ப்பும் எழுந்தது.

அவருடைய அழைப்பை ஏற்று, லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஜெர்மானியரான வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தார். ஆலயம் கட்டும் அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. ஆங்கிலேய ரெசிடெண்ட் கர்னல் மெக்காலேயின் உதவியால் 1809-இல் ஆலயம் எழுந்தது.

ஆலயமும் பள்ளியும்

கடவுளின் வார்த்தையை ஒவ்வொருவரும் தாமே வாசிக்க வேண்டும் என்றால் எழுத்தறிவு தேவை. எனவே ஆலயத்தோடு பள்ளியும் வந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கத்தை 1809-ஆம் ஆண்டின் மயிலாடிப் பள்ளியில் காண்கிறது. ரிங்கல்தௌபே 1816-இல் புறப்பட்டபோது சபைப் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். கோவில் தெருவிலும் நடக்க இயலாத குலத்தில் பிறந்தவர் ஒரு திருச்சபையின் மேய்ப்பரானார்.

பின்னர் வந்த சார்லஸ் மீட் பணியை நாகர்கோவிலுக்கு விரிவுபடுத்தினார். அங்கே அச்சகம் நிறுவப்பட்டது. மார்த்தா மால்ட் பெண்கல்வியைத் தொடங்கினார்.

போதனையும் நடைமுறையும்

சபையில் சேர்ந்த அனைவரும் ஆன்மிகத் தேடலால் மட்டும் வந்தவர்கள் அல்லர். வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் விடுதலை கிடைக்கும் என நம்பி வந்தவர்கள் பலர். ரிங்கல்தௌபே இதை உணர்ந்து வருந்தினார். மேலும், கடவுள்முன் அனைவரும் சமம் எனப் போதிக்கப்பட்டாலும் பல ஊர்களில் சபைகள் சாதிவாரியாகவே அமைந்தன. திரை கிழிந்தது என்று கற்றவர்களும் தங்களுக்கிடையே இருந்த திரையை எளிதில் நீக்கவில்லை.

எனினும் அப்போதனை தந்த தன்மதிப்பு மறையவில்லை. தோள்சீலைப் போராட்டத்தில் கிறிஸ்தவப் பெண்கள் முன்னின்றனர். 1859-இல் நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசு இசைந்தது.

இணையான இயக்கங்கள்

மயிலாடிக்கு அருகிலுள்ள சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) உருவமில்லா வழிபாட்டை நிறுவினார். அங்குள்ள கண்ணாடி, மனிதனுள் இறை உறைவதை உணர்த்துகிறது. சுசீந்திரத்தில் கோவில் தெருக்களுக்காக 1926-இல் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் கோவில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்தது.

வழிகள் வேறுபட்டாலும் இவற்றின் கேள்வி ஒன்றே: கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே நின்று தடுக்க யாருக்கு உரிமை உண்டு? நாஞ்சில் நாட்டில் அக்கேள்வியை முதலில் எழுப்பியவர்களில் ஒருவராக வேதமாணிக்கம் நினைவுகூரப்பட வேண்டியவர்.