பென்சில் கோட்டின் எடை

மணத்தைப் பற்றிய வழக்கு ஒன்று மதுரையில் நடந்ததாகத் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்பது பாண்டியனின் ஐயம். இறைவனின் பாட்டைத் தருமி கொண்டுவருகிறான், நக்கீரர் குற்றம் சொல்கிறார், நெற்றிக்கண் திறக்கிறது. இத்தனை பேர் பேசிய சபையில் கூந்தலுக்குச் சொந்தக்காரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை வகுப்பில் நடத்தும்போது மாணவிகள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நான் செல்லூர்க்காரி.

வைகையின் வடகரையில், தறிச் சத்தத்தோடு வளர்ந்த பகுதி செல்லூர். கண்மாயிலிருந்து வைகைக்குப் போகும் பந்தல்குடி கால்வாயில் எனக்கு நினைவு தெரிந்த நாளாகச் சாக்கடைதான் ஓடுகிறது. என் அப்பத்தா திண்ணையில் ராட்டை போட்டுத் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "இன்னைக்கு வாடை வேற மாதிரி இருக்கு, பிள்ளைகளை உள்ள கூப்பிடு" என்பாள். எங்கள் தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒருமுறை மனு கொடுக்கப் போனார்கள். அங்கிருந்தவர் மனுவைப் படித்துவிட்டு, "நாத்தம்னு எழுதியிருக்கீங்க. எவ்வளவு நாத்தம்? அளவு இருக்கா?" என்று கேட்டாராம். பல வருடம் கழித்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காற்றில் கலந்திருப்பதை அளப்பது எப்படி, அந்த அளவை நம்பத்தக்கதாக ஆக்குவது யார் என்று தேடிப் போனபோது, அங்கும் பெண்கள் இருந்தார்கள், பெயரில்லாமல் இருந்தார்கள்.

வாயுவை அளக்கும் கருவிகளில் ஒரு வகைக்கு அதிர்வுதான் அடிப்படை. அதைச் செல்லூரில் விளக்குவது சுலபம். தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலைச் சுண்டினால் அது அதிரும். அதே இழுவையில் கஞ்சி ஏறிக் கனத்த நூலைச் சுண்டினால் அதிர்வு சற்று மந்தப்படும். எடை கூடினால் அதிர்வெண் குறையும், அவ்வளவுதான். நூலுக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கான் பலகை ஒன்றை வைத்து, குறிப்பிட்ட வாயுவை மட்டும் பிடித்துக்கொள்ளும் பூச்சை அதன்மேல் பூசினால், வாயுவின் மூலக்கூறுகள் ஒட்ட ஒட்ட அதிர்வெண் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதிலிருந்து எவ்வளவு வாயு என்று கணக்கிடலாம். இதுதான் நுண் அதிர்வி உணரி.

இதன் வரலாறு குவார்ட்ஸ் படிகத்திலிருந்து தொடங்குகிறது. படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கும் என்று 1880-இல் ஜாக், பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அந்தப் படிகத்தைக் கொண்டு அமைத்த அளவைக் கருவியைத்தான் மேரி கியூரி 1898-இல் கையில் எடுத்தார். படிகத் தகட்டில் எடையை ஏற்றி இறக்கி, கதிர்வீச்சு உண்டாக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்து, பொலோனியத்துக்கும் ரேடியத்துக்கும் வழி கண்டார். மேரி கியூரி என்றதும் நமக்கு ரேடியத்தின் ஒளி நினைவுக்கு வருகிறது. அவர் கருவியின் முன்னால் பொறுமையாக உட்கார்ந்து அளந்த அளவுகள் நினைவுக்கு வருவதில்லை.

இரண்டாம் உலகப் போரில் ராணுவ வானொலிகளுக்குக் குவார்ட்ஸ் படிகங்கள் கோடிக்கணக்கில் தேவைப்பட்டன. அமெரிக்காவின் படிகத் தொழிற்சாலைகளில் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பெண்கள். ரீவ்ஸ் சவுண்ட் லேபரட்டரீஸ் நிறுவனம் 1943-இல் எடுத்த ஆவணப்படத்தில் அவர்களைப் பார்க்கலாம். ஒரு பெண் படிகத் தகட்டைக் கையால் தேய்க்கிறாள், கழுவுகிறாள், கருவியில் வைத்து அதிர்வெண்ணைப் பார்க்கிறாள், மறுபடியும் தேய்க்கிறாள். வெப்பத்திலும் குளிரிலும் அதே அதிர்வெண் நிற்கிறதா என்று ஒவ்வொரு படிகத்தையும் சோதித்தாக வேண்டும். இன்று கணினி செய்யும் சோதனையை அன்று செய்தது இந்தப் பெண்களின் விரலும் கண்ணும்தான்.

தேய்த்து முடித்த படிகங்கள் சில மாதங்களில் அதிர்வெண் மாறிக் கெட்டுப்போயின. தேய்த்ததில் மேற்பரப்பு சிதைந்ததும் அதில் தங்கிய தூசும்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அமிலத்தால் அரித்துச் சுத்தம் செய்யும் முறை வந்தது. கண்ணுக்குத் தெரியாத அழுக்கும் படிகத்தின் அதிர்வை மாற்றிவிடும் என்பது இந்தத் தொழிலில் பழகியவர்களுக்குத் தெரிந்த விஷயம். அதிர்வெண்ணைக் கொஞ்சம் இறக்க வேண்டுமா, பென்சிலால் ஒரு கோடு போடு. ஏற்ற வேண்டுமா, ரப்பரால் அழி. அந்தப் பென்சில் கோட்டின் எடையைப் படிகம் உணர்ந்தது.

1959-இல் ஜெர்மனியின் குந்தர் சாவர்பிரை இதைச் சமன்பாடாக எழுதினார். 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் படிந்தால் அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ் குறையும். 1964-இல் வில்லியம் கிங் அந்தப் படிகத்துக்குப் பூச்சுப் பூசி வாயு உணரியாக்கினார். சமன்பாட்டுக்குச் சாவர்பிரையின் பெயர் இருக்கிறது. பென்சில் கோட்டுக்குப் பெயர் இல்லை.

1990-களில் படிகத்தின் இடத்துக்குச் சிலிக்கானில் செதுக்கிய நுண்பலகைகளும் வந்தன. அணுக்களைப் படம் பிடிக்கும் நுண்ணோக்கியின் முனைப்பலகை காற்றின் ஈரத்தில் வளைந்து தொல்லை கொடுத்தது. அந்தத் தொல்லையையே உணரியாக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். நம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் நுண்பலகைகளால் ஈரப்பதத்தை அளக்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

ஒரே சில்லில் நூற்றுக்கணக்கான அதிர்விகளைச் செதுக்கலாம். ஆனால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஆகவே ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். இங்கேதான் தானியங்கிச் சோதனை வருகிறது. சில்லை மூடிய சிறு அறையில் வைக்கிறார்கள். கணினி வால்வுகளைத் திறந்து முதலில் சுத்தமான காற்றை விடுகிறது. அப்போதைய அதிர்வெண்தான் தொடக்கக்கோடு. பிறகு அளந்த வாயுவைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஐந்து பங்கு, பத்துப் பங்கு என்று கலந்து விடுகிறது. மறுபடி சுத்தமான காற்று. உணரி பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்கிறது. ஈரத்தைக் கூட்டி, வெப்பத்தை மாற்றி, வேறு வாயுவைக் கலந்து ஏமாறுகிறதா என்று பார்க்கிறது. ஆள் தூங்கும் நேரத்திலும் சோதனை நடக்கும். நச்சுவாயுவின் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டியதில்லை.

இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். மனித மூக்கைச் சோதனைக் கருவியாக்கியதன் விலை நமக்குத் தெரியும். சாக்கடையில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டும்போது முகரும் நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போதுதான் ஆபத்து முற்றியிருக்கிறது. 2022 ஏப்ரலில் மதுரை நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் மூன்று தொழிலாளர்கள் விஷவாயுவுக்குப் பலியானார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில், தொழிலாளர்களுக்குத் தர வேண்டிய பாதுகாப்புச் சாதனங்களின் பட்டியலில், நான்கு வாயுக்களை அளக்கும் கருவியும் இருக்கிறது. இன்று கிடைக்கும் அத்தகைய கருவிகளில் இருப்பவை பெரும்பாலும் வேறு வகை உணரிகள். நுண் அதிர்விகள் வந்தால் கருவி இன்னும் சிறிதாகும். ஆனால் கருவி சிறிதாக இல்லாததாலா குழிக்குள் ஆள் இறங்கினார்? யார் மகன் இறங்கலாம் என்பதைச் சாதி முன்பே சோதித்து முடித்திருந்தது. மதுரையின் திவ்யபாரதி 2017-இல் எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படம் அதைத்தான் நம் முகத்துக்கு நேரே வைத்தது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அது முப்பது லட்சமானது. கணவரைப் பறிகொடுத்த பெண்கள் அந்தப் பணத்துக்கும் சான்றிதழ்களோடு அலைகிறார்கள். அங்கும் கேள்வி அதேதான்: அளவு இருக்கா?

அளக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எதை, எங்கே, யாருக்காக அளப்பது என்று முடிவு செய்யும் மேசையில் யார் உட்கார்கிறார்கள் என்பதே என் கேள்வி. சோதனை அறையில் விடும் வாயுக்களின் பட்டியலை யாரோ எழுதுகிறார்கள். ஐப்பசி மழையில் கால்வாய் ஓரத்து வீட்டு அடுப்படியில் இருக்கும் ஈரம் அந்தப் பட்டியலில் உண்டா? உணரிக்குச் சுத்தமான காற்றில் தொடக்கக்கோடு போடுகிறார்கள். பிறந்ததிலிருந்து கால்வாய் ஓரத்திலேயே இருக்கும் பெண்ணுக்கு அந்தக் கோடு எங்கே போடப்பட்டது? "பழகிப்போச்சு உங்களுக்கு" என்று அவளிடம் சொல்கிறவர்கள், பழகிப்போன உணரியைப் புதிதாகத் திருத்தாமல் நம்பமாட்டார்கள். பழகிப்போன மனுஷிக்கு ஒரு மணி நேரச் சுத்தக் காற்றைக்கூடத் தரமாட்டார்கள்.

நுண் அதிர்வியிடம் வாடையின் பெயரைக் கேட்டால் அதற்குத் தெரியாது. முன்பு இருந்ததிலிருந்து இப்போது மாறியிருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். "வாடை வேற மாதிரி இருக்கு" என்று அப்பத்தா சொன்னதும் அதையேதான். ஒன்றுக்குச் சோதனைப் பதிவு இருக்கிறது, நம்புகிறோம். இன்னொன்றுக்குப் பதிவு இல்லை.

அதனால் என் மாணவிகளிடம் ஒரு சின்ன வேலை சொல்லியிருக்கிறேன். வீட்டில் அம்மாவோ அப்பத்தாவோ வாடை மாறியிருக்கிறது என்று சொன்னால், தேதி, மணி, காற்று வந்த திசை, யாருக்குக் கண் எரிந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். நாளைக்கு உணரி நம் தெருவுக்கு வரும்போது, அது சொல்வதை ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் ஒரு கணக்கு இருக்கட்டும். பென்சிலால் எழுதினாலும் போதும்.