கூந்தலில் விழுந்த கத்தரி

1711-ஆம் ஆண்டு. பீட்டர் பிரபு என்ற இளம் பணக்காரர், அரபெல்லா ஃபெர்மர் என்ற அழகியின் கூந்தலில் ஒரு சுருளைக் கேட்காமல் கொள்ளாமல் கத்தரித்து எடுத்துக்கொண்டார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோயிற்று.

ஒரு சுருள் முடிக்கா இத்தனை ரகளை? இரு வீட்டாரும் கத்தோலிக்கர்கள். அன்றைய இங்கிலாந்தில் கத்தோலிக்கருக்கு அரசுப் பதவி கிடையாது, பல்கலைக்கழகம் கிடையாது, நிலவரியோ இரட்டிப்பு. கொள்வினை கொடுப்பினை எல்லாம் தங்களுக்குள்ளேயே. பகைத்துக்கொண்டு எங்கே போவது? இருவருக்கும் வேண்டியவரான ஜான் கேரில், தம் நண்பரான இளம் கவிஞர் அலெக்சாண்டர் போப்பை அணுகினார். இதைச் சிரிப்பாக்கிப் பாடினால் கோபம் தணியும் என்பது அவர் கணக்கு. போப்பும் கத்தோலிக்கர்தான்.

ஹோமரும் வர்ஜிலும் போர்க்களம் பாடிய பெருங்குரலில், போப் காபி விருந்தையும் சீட்டாட்டத்தையும் பாடினார். நாயகி பெலிண்டா அலங்காரம் செய்துகொள்வது, வீரன் கவசம் பூணும் தோரணையில் வருகிறது. அவளுடைய மேசையில் முகப்பவுடரும் பைபிளும் காதல் கடிதங்களும் கலந்து கிடக்கின்றன. எது பெரிது, எது சிறிது என்பதே மறந்துபோன சீமான்களின் உலகத்தைக் காட்ட அந்த ஒரு மேசை போதும்.

‘தி ரேப் ஆஃப் தி லாக்’ என்ற இந்தக் கவிதை 1712-இல் இரண்டு காண்டங்களாக அச்சேறியது. பதிப்பாளர் லிண்டாட் கொடுத்தது 7 பவுண்ட். 1714-இல் காற்றுத் தேவதைகளையும் சேர்த்து ஐந்து காண்டங்களாக்கினார். 15 பவுண்ட் கிடைத்தது. நான்கே நாளில் 3,000 பிரதிகள் போனதாகக் கேரிலுக்குப் பெருமையாக எழுதினார்.

சமாதானம் மட்டும் வரவில்லை. கவிதையில் மூக்குப்பொடி டப்பாவும் கைத்தடியுமாக வந்து உளறும் சர் பிளூம் என்ற பாத்திரம் தம்மைத்தான் குறிக்கிறது என்று அரபெல்லாவின் உறவினர் சர் ஜார்ஜ் பிரவுன் கொதித்தார். பீட்டர் பிரபுவோ கவிதை வெளிவருமுன்பே வேறொரு சீமாட்டியை மணந்துகொண்டார். மறுவருடம் பெரியம்மையில் இறந்தும்போனார். கத்தரி பிடித்தவரை விட்டுவிட்டு, முடியைப் பறிகொடுத்தவளின் அலட்டலைத்தான் கவிதை அதிகம் கிண்டல் செய்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. போதாக்குறைக்கு 1714 பதிப்பு அவள் பெயருக்கே காணிக்கை.

1715-இல் இன்னொரு கூத்து. இக்கவிதை ஓர் அரசியல் சதி, பெலிண்டா என்பது மறைந்த ஆன் மகாராணி, வெட்டுண்ட சுருள் ஹாலந்தோடு செய்த உடன்படிக்கை என்று ஒரு நூல் ‘அம்பலப்படுத்தியது’. புனைபெயரில் அதை எழுதியவரும் போப்தான்.

(தொடரும்)