கண்டி என்றால் எந்தக் கண்டி?

மலையக நாட்டார் பாடல்களில் ‘கண்டி’ என்று வந்தால் தலதா மாளிகையையும் வாவியையும் நினைத்துக்கொள்ளக் கூடாது. பாடியவர்களில் பலர் அந்த நகரத்தைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். வட்டகொடையில் கொழுந்து பறித்தவளுக்கு அவள் நின்ற மலைதான் கண்டி. ஹட்டனும் கண்டி, பதுளையும் கண்டி. முழுப்பெயர் கண்டிச்சீமை.

வேர் சிங்களம். ‘கந்த’ என்றால் மலை. ‘கந்த உட ரட்ட’ மலைமேல் நாடு. போர்த்துக்கேயர் அந்த நீளப் பெயரின் தலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நாட்டுக்கும் அதன் தலைநகருக்கும் அதையே வைத்தார்கள். சிங்களவர்களோ இன்றும் அந்த ஊரை ‘மகாநுவர’ என்கிறார்கள், பெருநகரம் என்ற பொருளில். மலைக்கு உரிய பெயரை வெள்ளையர் ஊருக்குள் அடைத்தார்கள், தோட்டத்துச் சனம் அதை மலைக்கே திருப்பிக்கொண்டது. அகராதி பார்த்து அல்ல. 1739 முதல் 1815 வரை அங்கே ஆண்டவர்கள் நாயக்க மன்னர்கள். கடைசி அரசன் சிறைப்பட்டு 1832இல் வேலூரில் இறந்தான். அதனால் தென்னாட்டில் கண்டி ஒரு ராச்சியத்தின் பெயராகவே காதில் விழுந்திருந்தது.

‘சீமை’தான் இன்னும் சுவையானது. எல்லை என்ற பொருளில் வந்து, சிவகங்கைச் சீமை என்பதுபோல் ஆட்சிப்பகுதியைக் குறித்தது. பிறகு கடல்தாண்டி வந்ததெல்லாம் சீமையானது: சீமை எண்ணெய், சீமைத்துரை. கண்டிச்சீமையில் இரண்டு பொருளும் கலந்துகிடக்கின்றன; அது ஒரு நாடு, கடலுக்கு அப்பாலும் இருக்கிறது. தோட்டங்களுக்கு ஆள்பிடித்த கங்காணிகளுக்கு அந்தக் கவர்ச்சி போதும். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள் சேர்த்தார்கள். நம்பிப் புறப்பட்டவன் கழுத்தில் 1900களின் தொடக்கத்தில் ஒரு தகரவில்லை தொங்கியது. அதில் கண்டி என்று இல்லை; மாவட்டத்துக்கு ஓர் எழுத்தும் தோட்டத்துக்கு ஓர் எண்ணும் பொறித்திருந்தது. கையில் கடன் எழுதிய ‘துண்டு’ வேறு. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

ஊர்ப்பெயரைப் பாடும் பாட்டு வேறு இடங்களிலும் உண்டு. மெக்சிகோவின் மரியாச்சிக் குழுக்கள் பாடும் ‘குவாதலஹாரா’, பெப்பே கீசார் தன் பிறந்த ஊரைப் போற்றி எழுதியது. அந்தப் பெயரும் இடம்பெயர்ந்ததுதான்: ‘கல் பள்ளத்தாக்கு’ என்ற அரபுப் பெயர் ஸ்பெயின் ஊரொன்றுக்கு அமைந்து, அங்கிருந்து மெக்சிகோவுக்குக் கப்பலேறியது. அங்கே பாடுகிறவன் ஊரின் பிள்ளை. கண்டிப் பாட்டில் அந்த உரிமை கிடையாது. புகழ்ச்சி கங்காணியின் வாயிலிருந்து வந்தது. பாடியவள் அதையே எடுத்து ஏச்சாகத் திருப்பினாள். தாலாட்டில்கூட அந்த ஏச்சு எட்டிப்பார்க்கும்.

இந்த மலையகப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து, ஓட்டுப் போட்டவர்களை நாடற்றவர்களாக்கியது. கண்டிச்சீமை அவர்களுக்குச் சீமையாகவே நின்றது, நாடாகவில்லை.

இப்போது எங்கள் பக்கத்தில் ‘கண்டிக்குப் போறேன்’ என்றால் நகரத்துக்குத்தான். மலைக்கு ‘மலையகம்’ என்ற புதுப்பெயர் வந்துவிட்டது. யாரும் திட்டமிடாமலே அது ‘கந்த உட ரட்ட’வுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.