முடவாட்டுக்கால்

முடவாட்டுக்கால் மரங்களிலும் பாறைகளிலும் தொற்றி வளரும் வெப்பமண்டலப் பெரணி. ஆட்டுக்கால் கிழங்கு என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா, குடும்பம் பாலிபோடியேசி. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வழியாக வட ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. தமிழ்நாட்டில் கொல்லிமலையோடு சேர்த்தே இதன் பெயர் பேசப்படுகிறது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் பரவலாக உள்ள செடி இது. சுரண்டையைச் சுற்றியுள்ள வெயில் நிலத்தில் பெரணியைக் காண்பது அரிது. அங்கிருந்து மேற்கே குற்றாலம் நெருங்க நெருங்க, சாரல் விழும் சரிவுகளின் பெருமரங்களில் இதைப் பார்க்கலாம்.

புல்லுருவியைப் போல இது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மரம் இதற்கு நிற்க இடம் மட்டுமே தருகிறது. உணவுக்கு வழி இதன் இலைகளிலேயே இருக்கிறது. இந்தப் பெரணிக்கு இருவகை இலைகள். ஒருவகை காம்பில்லாமல், கருவாலி மர இலையின் வடிவில், தண்டை அணைத்தபடி நிற்கும். இவை விரைவில் பச்சை மாறிக் காய்ந்த காகிதம் போலாகும், ஆனாலும் உதிர்வதில்லை. மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் கூடை போல ஏந்தி வைத்துக்கொள்ளும். அது மட்கி எருவாகும். ஈரத்தையும் பிடித்து வைக்கும். இவற்றைக் காய்ந்துபோன இலைகள் என்று நினைத்துப் பிய்த்துப்போடுவது செடியின் உணவுக்கலத்தைப் பிடுங்குவதற்குச் சமம். மற்றொரு வகை நீண்ட காம்புள்ள பசிய இலை. ஒரு மீட்டர் வரை நீளும். நடுநரம்பை நெருங்கும் அளவுக்கு ஆழமாகப் பிளவுபட்டிருக்கும். கடும் வறட்சியில் அதன் மடல்கள் உதிர்ந்து, நடுநரம்பு மட்டும் குச்சியாக நிற்கும். சாரல் தொடங்கியதும் புது இலை விடும்.

கிழங்கு என்று விற்கப்படுவது உண்மையில் கிழங்கு அன்று. மரத்தின் மேல் ஊர்ந்து செல்லும் சதைப்பற்றான தண்டு அது. அதில் அடர்ந்திருக்கும் பழுப்புச் செதில்கள் பார்வைக்கு மயிர் போலத் தெரிவதால் ஆட்டுக்கால் என்ற பெயர் வந்தது. கிழங்கு என்ற வழக்கும் பழையதே. வான் ரீடின் ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’ நூலின் 12ஆம் தொகுதியில் (1693) இது பன்னக்கிழங்கு மரவாழ என்ற மலையாளப் பெயரில் இடம்பெற்றுள்ளது. 1753இல் லின்னேயஸ் இதற்குப் பாலிபோடியம் குவெர்சிஃபோலியம் என்று பெயரிட்டார். கருவாலி இலை கொண்டது என்பது அதன் பொருள். டிரைனேரியா என்ற பேரினப் பெயரும் கருவாலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. அண்மைக் காலத்தில் சிலர் இதை அக்லாவோமார்ஃபா பேரினத்தில் சேர்த்திருப்பதால், நூல்களில் இரு பெயர்களையும் காணலாம்.

இனத்தை உறுதிசெய்ய இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தண்டை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்வது சரியல்ல, ஏனெனில் செதில் மூடிய தண்டு பல பெரணிகளுக்கு உண்டு. பசிய இலையின் அடிப்பக்கத்தில் வித்தகங்கள் சிறு வட்டப் புள்ளிகளாகத் திரண்டிருக்கும். அவற்றின் மேல் மூடுசவ்வு இராது. முடவாட்டுக்காலில் இப்புள்ளிகள் பக்க நரம்புகளுக்கு இடையே இரண்டு வரிசையாக ஒழுங்காக அமைந்திருக்கும். இலங்கையிலும் மலேசியாவிலும் வளரும் டிரைனேரியா ஸ்பார்சிசோராவில் புள்ளிகள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். இமயமலைப் பகுதியின் டிரைனேரியா புரோபின்குவாவில் மடலின் நடுநரம்புக்கு இருபுறமும் ஒவ்வொரு வரிசை மட்டுமே. டிரைனேரியா ரிஜிடுலாவில் இலை முழுவதும் தனித்தனிச் சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். சீன மருத்துவத்தில் எலும்பு முறிவுக்குப் பயன்படும் டிரைனேரியா ரூசியும் நெருங்கிய உறவே. நம்மூரில் முடவாட்டுக்காலை மூட்டுவலிக்குச் சூப் வைத்துக் குடிப்பதை இதனோடு ஒப்பிடலாம்.

உறவு விலகிய தோற்ற ஒற்றுமையே பெரும்பாலும் குழப்புகிறது. பறவைக்கூடுப் பெரணியும் சருகு சேர்க்கும்; ஆனால் அதன் இலை பிளவுபடாதது, வித்தகங்கள் நரம்போடு நீண்ட கோடுகளாக இருக்கும். அது ஆஸ்பிளினியேசி குடும்பம். ஃபைமட்டோசோரஸ் பெரணிகளின் இலை முடவாட்டுக்காலைப் போலவே பிளவுபட்டிருக்கும். ஆனால் சருகேந்தும் இலை கிடையாது. டவாலியாவின் தண்டும் மயிரடர்ந்ததாகத் தோன்றும். இலையோ நுண்ணிய துணுக்குகளாகப் பிரிந்திருக்கும். பின்னிரண்டையும் விலக்கச் சருகுக்கூடை ஒன்றே போதும்.

தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களோடு நூலாக்கியவர் வனத்துறை அதிகாரி பெட்டோம்; அவரது ‘தென்னிந்தியப் பெரணிகள்’ 1863இல் வெளிவரத் தொடங்கியது. பின்னாளில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியைச் சேர்ந்த மாணிக்கமும் இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளைப் பற்றி 1992இல் வெளியிட்ட நூல் இன்றும் அடையாளம் காண்போருக்குத் துணைநிற்கிறது.

சூப்புக்காகத் தண்டை அறுத்தெடுத்தால், அது ஆண்டுக்கணக்கில் சேர்த்த மட்கும் சேர்ந்தே போகிறது. வித்திலிருந்து புதுச் செடி இந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். குற்றாலத்தில் இதைக் கண்டால் பறிக்காதீர்கள். இலையின் அடிப்பக்கத்தையும் சருகுக்கூடையையும் தெளிவாகப் படம் எடுங்கள். இனத்தைச் சொல்ல அவ்விரண்டு படங்கள் போதும்.