உறைமழை

உறைமழை என்பது நீராகவே விழுந்து, தரை, மரக்கிளை, மின்கம்பி போன்றவற்றைத் தொட்டவுடன் உறைந்து கண்ணாடி போன்ற பனிக்கட்டிப் பூச்சாக மாறும் மழை ஆகும். இது ஆலங்கட்டி மழை அன்று. உதகமண்டலத்துப் புல்வெளிகளில் மார்கழி, தை மாதங்களில் காணப்படும் உறைபனியும் அன்று. அது தெளிந்த இரவுகளில் காற்றிலுள்ள நீராவி நேரடியாகப் படிவதால் உண்டாவது.

உருவாகும் விதம்

தரையை ஒட்டிய காற்று 0 °செ-க்குக் கீழ் இருக்கையில், வெப்பமான காற்று அதன் மேல் ஏறிப் பரவுவதுண்டு. உயரத்திலிருந்து விழும் வெண்பனி இந்த வெப்ப அடுக்கில் உருகித் துளியாகிறது. கீழுள்ள குளிரடுக்கின் தடிப்பு குறைவாயின், துளி உறைய நேரமின்றி மீக்குளிர்ந்த நீராகவே தரையை அடைகிறது. குளிரடுக்கு தடித்திருந்தால் பனிக்கட்டிக் குருணைகள் விழும். வெப்ப அடுக்கே இல்லையெனில் வெண்பனி பொழியும்.

திருவள்ளூர், சென்னை வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் உறைநிலை மட்டம் ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில் உள்ளது. எனவே இங்கு உறைமழைக்கு இடமில்லை.

முன்னறிவித்தல்

தரை வெப்பநிலையை மட்டும் கொண்டு உறைமழையைக் கணிக்க இயலாது. உயரத்துக்கு உயரம் வெப்பநிலை எவ்வாறு மாறுகிறது என்பதே முதன்மையானது. இதனை அளக்கும் வானிலைப் பலூன்கள் வழக்கமாக நாளுக்கு இருமுறையே ஏவப்படுகின்றன. ஏவுதளங்களும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் உள்ளன. இடைவெளியைக் கணினிப் படிமங்களும் கதிரலைக் கும்பாக்களும் நிரப்புகின்றன. ஆயினும் ஓரடுக்கில் 1 °செ பிழைத்தால் போதும், மழையளவு சரியாக இருந்தும் மழையின் வகை மாறிவிடும். சேதத்தை முடிவு செய்பவை பனிக்கட்டியின் தடிப்பும் காற்றின் வேகமும் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் பல பகுதிகளில் ஏறத்தாழ 6 மி.மீ. தடிப்பு எதிர்பார்க்கப்பட்டால் பனிக்கட்டிப் புயல் எச்சரிக்கை விடப்படுகிறது.

கனடாவில்

செயின்ட் லாரன்சு ஆற்றுப் பள்ளத்தாக்கில் குளிர்காற்று தாழ்வாகத் தேங்குவதால் கியூபெக் மாகாணத்தில் உறைமழை அடிக்கடி நிகழ்கிறது. 1998 சனவரியில் மொன்றியால் நகரின் தெற்கே சில இடங்களில் சில நாட்களில் 100 மி.மீ. அளவுக்குப் பெய்தது. உயர் அழுத்த மின்கோபுரங்கள் வரிசையாகச் சரிந்தன. சில ஊர்களுக்கு மின்சாரம் மீள ஒரு மாதத்துக்கு மேலாயிற்று.

2013 திசம்பர் 21, 22 தேதிகளில் ரொறன்ரோவில் சுமார் 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. தமிழர் செறிந்து வாழும் ஸ்கார்பரோ கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டுவதும், மூடிய கொட்டகையில் மின்னியற்றியை இயக்குவதும் மணமற்ற கார்பன் மோனாக்சைடு வாயுவைச் சேரவிடுகின்றன. 1998, 2013 ஆகிய இரு நிகழ்வுகளிலும் இவ்வாயுவால் உயிரிழப்புகள் நேர்ந்தன.