கார்வாலிஸில் போன ஆறு புள்ளி

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். 2008 செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை. ஐதராபாத் மாதாப்பூரில், ராத்திரி எட்டரை மணிக்கு ஸ்பீக்கர் போனைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறோம். லேமன் பிரதர்ஸ் மஞ்சள் கடுதாசி கொடுத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. வாஷிங்டன் மியூச்சுவல் வங்கியை அமெரிக்க அரசு இழுத்து மூடிய செய்தி அன்றைக்குத்தான் வந்திருந்தது. அந்த நாட்டு வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய வங்கி விழுந்ததில்லை. பொட்டி தட்டிப் பிழைக்கும் எங்களுக்கெல்லாம் தினமும் காலையில் பேப்பரைப் பிரிக்கவே பயம்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லைனில் வந்த கிளையன்ட் மேனேஜர் வழக்கமாகக் கலகலப்பான ஆள். அன்றைக்குக் குரலே எழும்பவில்லை. "என்ன ஆச்சு?" என்று எங்கள் லீட் மெதுவாகக் கேட்டார். "எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றார் அவர். எங்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. புதிதாக வீட்டுக்கடன் வாங்கியிருந்த விஜயவாடா நண்பர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிஷம் கழித்துதான் விளங்கியது. முடிந்துபோனது எங்கள் ப்ராஜெக்ட் இல்லை. அவர் படித்த சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் சீசன்!

எல்லோரும் மூச்சு விட்டோம். சிரிப்பும் வந்தது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. 12 ஆட்டம் உள்ள சீசனில் மூன்றாவது ஆட்டத்தில் தோற்றால் எல்லாம் எப்படி முடிந்துபோகும்? பதில் தேடப் போய்தான் இந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்தது.

முதலில் ஒரு விளக்கம். இது நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி, எதிராளியை மோதிச் சாய்க்கும் ஆட்டம். அங்கே கல்லூரி ஆட்டத்துக்கே லட்சம் பேர் வரை கூடுவார்கள். அப்போது சதர்ன் கலிபோர்னியாவின் சொந்த மைதானத்தில் 90 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். பயிற்சியாளர் பீட் கேரல். தரவரிசையில் முதலிடம். செப்டம்பர் 13 அன்று ஒஹாயோ ஸ்டேட் என்ற இன்னொரு பெரிய அணியை 35–3 என்று துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள்.

அடுத்த ஆட்டம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, ஓரிகன் மாநிலத்தின் கார்வாலிஸில். சுமார் ஐம்பதாயிரம் பேர் வாழும் கல்லூரி ஊர். அங்கே இருக்கும் ஓரிகன் ஸ்டேட் அணி அந்த சீசனில் ஏற்கெனவே இரண்டு ஆட்டம் தோற்றிருந்தது. ஒன்றில் பென் ஸ்டேட்டிடம் 45–14 என்று செம அடி. பந்தயக்காரர்கள் சதர்ன் கலிபோர்னியா 25 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

செப்டம்பர் 25, வியாழன் இரவு. பாதி ஆட்டம் முடிந்தபோது ஓரிகன் ஸ்டேட் 21, சதர்ன் கலிபோர்னியா 0. கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த ஜாக்விஸ் ராஜர்ஸ் என்ற பையன், உயரம் ஐந்தடி ஏழங்குலம், பெரிய பெரிய ஆட்களின் இடுப்புக்குக் கீழே புகுந்து புறப்பட்டு 37 தடவை ஓடி 186 கெஜம் எடுத்தான். அவன் அண்ணன் ஜேம்ஸ் இரண்டு டச்டவுன் பிடித்தான். இரண்டாம் பாதியில் சதர்ன் கலிபோர்னியா ஏறி வந்து 21–14 ஆக்கியது. கடைசி நேரத்தில் மார்க் சான்செஸ் வீசிய பந்து எதிரணி கையில் போய் விழ, அதிலிருந்து இன்னொரு டச்டவுன். முடிவு 27–21. ஆறே புள்ளி. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது.

எங்கள் மேனேஜரை இன்னும் அதிகமாக நோகடித்தது என்ன தெரியுமா? இதே ஊரில் இதே கதை முன்பும் நடந்திருக்கிறது. 1967 நவம்பர் 11. அப்போதும் சதர்ன் கலிபோர்னியா முதலிடம். ஓ.ஜே. சிம்ப்சன் (ஆமாம், பின்னாளில் கொலை வழக்கில் உலகமே பார்த்த அதே சிம்ப்சன்தான்) சேறான மைதானத்தில் 188 கெஜம் ஓடியும் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. ஓரிகன் ஸ்டேட் 3–0. அந்த ஓரிகன் ஸ்டேட்டின் உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவர் பட் ரைலி. அவருடைய மகன் மைக், அப்போது 14 வயதுப் பையன். அந்த மைக் ரைலிதான் 2008-ல் ஓரிகன் ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர். அப்பன் பங்குக்கு ஒன்று, மகன் பங்குக்கு ஒன்று.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 1967-ல் தோற்ற சதர்ன் கலிபோர்னியாதான் அந்த வருஷ தேசிய சாம்பியன்! தோற்ற மறு வாரமே, முதலிடத்துக்கு வந்திருந்த உள்ளூர்ப் பங்காளி யூ.சி.எல்.ஏ.வை 21–20 என்று ஜெயித்தார்கள். வாக்களித்த பத்திரிகைக்காரர்கள் சேற்றில் தோற்றதை மன்னித்துவிட்டார்கள். 2008-ல் அந்த மன்னிப்பு கிடைக்கவில்லை. இத்தனைக்கும் தோல்வி வந்தது செப்டம்பரில். கழுவித் துடைக்க இரண்டு மாதத்துக்கு மேல் நேரம் இருந்தது. அவர்களும் சும்மா இருக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அரிசோனா ஸ்டேட் 28–0, வாஷிங்டன் ஸ்டேட் 69–0, வாஷிங்டன் 56–0. சீசன் முழுக்க எதிரணிகளுக்குக் கொடுத்தது ஆட்டத்துக்குச் சராசரியாக 9 புள்ளிதான். ரோஸ் பவுலில் பென் ஸ்டேட்டை 38–24 என்று ஜெயித்து 12–1 என முடித்தார்கள். ஆனாலும் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

சரி, ஒரு தோல்வி இருந்தால் கிடையாது என்பதுதான் விதியா? அதுவும் இல்லை. கார்வாலிஸ் ஆட்டம் முடிந்த இரண்டாம் நாள், செப்டம்பர் 27 அன்று, ஃப்ளோரிடா தன் சொந்த மைதானத்திலேயே மிசிசிப்பியிடம் 31–30 என்று தோற்றது. ஆட்டம் முடிந்ததும் டிம் டீபோ கண்கலங்க மன்னிப்புக் கேட்டு, இனி எங்களைவிடக் கடுமையாக உழைக்கும் அணியை யாரும் பார்க்க முடியாது என்கிற மாதிரி சபதம் போட்டார். ஃப்ளோரிடாதான் அந்த வருஷ சாம்பியன். டீபோவின் சபதத்தை உலோகப் பலகையில் பொறித்து மைதானச் சுவரில் பதித்துவிட்டார்கள். இறுதி ஆட்டத்தில் ஃப்ளோரிடாவிடம் தோற்ற ஓக்லஹோமாவுக்கும் அதற்கு முன் ஒரு தோல்வி இருந்தது. ஒரு ஆட்டம்கூடத் தோற்காத யூட்டாவோ வெளியே நின்று வேடிக்கை பார்த்தது.

எப்படி இது? அப்போது நாக்-அவுட் எல்லாம் கிடையாது. 1998 முதல் இருந்த முறைப்படி இரண்டே அணிகள் இறுதி ஆட்டத்துக்குப் போகும். அந்த இரண்டைத் தேர்ந்தெடுக்க இரண்டு வாக்கெடுப்பு, ஆறு கணினிக் கணக்கு. நீ ஜெயித்தாயா என்பதோடு, யாரை ஜெயித்தாய் என்றும் பார்ப்பார்கள். சதர்ன் கலிபோர்னியா 56–0 என்று நொறுக்கிய வாஷிங்டன், அந்த சீசனில் 12 ஆட்டத்தையும் தோற்ற அணி. சப்பையான லீக் என்று பெயர் விழுந்துவிட்டது. எவ்வளவு அடித்தாலும் மதிப்பு ஏறவில்லை. கடைசித் தரவரிசையில் ஐந்தாம் இடம். ஃப்ளோரிடாவுக்கோ லீக் இறுதியில் முதலிடத்தில் இருந்த அலபாமாவே எதிரே வந்து நின்றது. அதை ஜெயித்ததும் பழைய கணக்கு தீர்ந்தது. ஆக, சதர்ன் கலிபோர்னியாவைக் கவிழ்த்தது ஆறு புள்ளி இல்லை. அந்த ஆறு புள்ளியைத் திருப்பிச் சம்பாதிக்க வழியே இல்லாத ஏற்பாடு.

எங்களுக்கு நிஜமான "முடிஞ்சு போச்சு" 2009 மார்ச்சில் வந்தது. கடைசி ஆறு மாசத்தில் நாங்கள் அனுப்பிய வேலையில் ஒரு பெரிய பிழைகூட இல்லை. அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. எங்கேயோ ஒரு எக்ஸெல் தாளில் எங்கள் வரி சிவப்பாகியிருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு மேனேஜர் தனியாகப் போன் போட்டு, "உங்க மேல ஒரு குறையும் இல்ல" என்றார். கார்வாலிஸ் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

பின்னாளில் விதிகள் மாறின. 2014 சீசனிலிருந்து நான்கு அணிகள், 2024 சீசனிலிருந்து 12 அணிகள் நாக்-அவுட்டில் ஆடுகின்றன. 2024 செப்டம்பர் 7 அன்று நோட்டர் டேம், நார்தர்ன் இல்லினாய் என்ற சின்ன அணியிடம் 16–14 என்று சொந்த மண்ணில் தோற்றது. அப்படியும் இறுதி ஆட்டம் வரை போனது. அதில் ஜெயித்த ஒஹாயோ ஸ்டேட்டும் இரண்டு ஆட்டம் தோற்ற அணிதான். இந்த முறை 2008-ல் இருந்திருந்தால் எங்கள் மேனேஜர் அன்றைக்குக் கொஞ்சம் தெம்பாகப் பேசியிருப்பார்.

நல்லதுதானே என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அதே 2024-ல் இன்னொன்றும் நடந்தது. டிவி பணத்துக்காக சதர்ன் கலிபோர்னியா தன் பழைய லீக்கை விட்டு, கிழக்கே இருக்கும் பிக் டென்னுக்குப் போய்விட்டது. பங்காளிகளும் ஆளுக்கொரு திசையாகக் கிளம்பிவிட்டார்கள். 2024, 2025 சீசன்களில் அந்த லீக்கில் மிச்சம் இருந்தவை இரண்டே அணிகள். ஒன்று வாஷிங்டன் ஸ்டேட். இன்னொன்று ஓரிகன் ஸ்டேட். பெரிய அணி லீக் ஆட்டத்துக்காகக் கார்வாலிஸுக்கு வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அறுபது வருஷம் கழித்து ஒழிந்தது. தோற்றவனுக்கு மறுவாய்ப்பு கொடுத்தார்கள். தோற்கடித்த ஊருக்கு ஆட்டமே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. எங்கள் ஊருக்கு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்குப் பெரிய பெரிய டீம் வரும். பந்தலுக்கு வெளியே நின்று, டிவியில் பார்த்த ஆட்கள் நிஜமாகவே பஸ்ஸை விட்டு இறங்குவதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் தோற்கவேண்டும் என்றுகூட இல்லை. வந்தாலே போதும், அந்த வருஷம் ஊருக்குத் திருவிழாதான்.

சதர்ன் கலிபோர்னியாவுக்கு அன்றைக்குப் போனது ஒரு சீசன். கார்வாலிஸுக்கு இப்போது போயிருப்பது அந்த பஸ்.